பம்பைத் திருத்திய குற்றம்

1

ஜேர்மனிக்கு வந்து பதினான்கு வருடம் நிறைந்த அன்று காலை பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வாழ்த்து இல்லை. நான் கொடுத்த ஆய்வுகூட அறிக்கையில் உள்ள அளவுகள் நேரில் அளந்தவையாகத் தெரியவில்லையாம். பம்ப் செய்த கம்பனியின் கையேட்டைப் பார்த்து எழுதியவை போலத் தெரிகின்றனவாம். இரண்டு கிழமைக்குள் விளக்கம் தரவேண்டுமாம். கள்ளம் என்ற சொல் எங்கேயும் இல்லை. இந்த ஊர்க்காரர் ஒருவரைக் கள்ளர் என்று சொல்ல நாலு வரி எடுப்பார்கள், அதில் இரண்டு வரி மரியாதைக்குப் போய்விடும்.

வுப்பர்டாலின் தொங்கு ரயிலில் வேலைக்குப் போகிற வழியில் நின்றபடி அதை வாசித்தேன். தோளில் ஸ்பானர் பை. வயது நாற்பது. பக்கத்தில் நின்ற இளம் பெடியளுக்கும் என்னைப்போலப் பல்கலைக்கழக அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஆனால் அவர்களுக்கு முழங்கால் நோகாது.

என் கதை இதுதான். பகலில் பம்ப் திருத்தும் கம்பனி ஒன்றில் வேலை. பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் படிப்பு. இலங்கையில் நான் எடுத்தது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். இங்கே எடுக்கப் பாடுபடுவது முழுப் பொறியியல் பட்டம். போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து என் மச்சாள் போன் எடுத்தாள். அவளுடைய மகனுக்கும் தொழில்நுட்பப் பட்டத்துக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது.

"உதுக்கும் அதுக்கும் என்னடி வித்தியாசம்? ரெண்டும் எஞ்சினியர்தானே?" என்று கேட்டாள்.

போனில் சொல்ல வரவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் வாசிக்கமாட்டாள், மகனை வாசிக்கச் சொல்லிக் கதை கேட்பாள். அது போதும்.

அந்த மின்னஞ்சலால் எனக்கு என்ன கெட்டுப்போகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகூடப் பாடம்தான் எனக்கு மிச்சமிருந்த கடைசிப் பாடம். அது சரிவந்தால்தான் இறுதி ஆய்வைத் தொடங்கலாம். இந்தப் பாடம் குளிர்காலத்தில் மட்டும்தான் நடக்கும், தவறினால் ஒரு வருடம் போய்விடும். எங்கள் கம்பனியின் சோதனைப் பொறியியலாளர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். பட்டம் கையில் இருந்தால் அந்தக் கதிரை எனக்கு. நாலு வருடமாகச் சோதனை அறிக்கைகளை நான்தான் எழுதுகிறேன், அவர்தான் கையெழுத்து வைக்கிறார். இந்த நாட்டில் பொறியியலாளர் என்ற சொல்லைச் சட்டம் காவல் காக்கிறது. பட்டம் இல்லாமல் அதை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டால் உங்களைத் தேடிக் கடிதம் வரும். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் பொய், ஆனால் முதலில் அது வேண்டும்.

2

யாழ்ப்பாணத்தில் எனக்குச் சம்பந்தம் பேசிய காலத்தில் என் பெரியம்மா ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். ஆர் கேட்டாலும், "பிள்ளை எஞ்சினியர் மாதிரி" என்பார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஜேர்மனியில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் முதற்சொல்லை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். நான் கொலோன் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது மாமியார் தன் சிநேகிதிகளுக்கு, "எங்கட மருமகள், எஞ்சினியர்" என்று அறிமுகம் செய்தார். குளிரில் நடுங்கியது ஒன்று, இந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கியது இன்னொன்று.

கணவர் ஒன்பது வயதில் இங்கே வந்தவர், நகர பஸ் ஓட்டுகிறார். முதல் கிழமையே அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"நான் முழு எஞ்சினியர் இல்லை."

"நானும் முழு நேரம் பஸ் ஓடுறேல்லை, பாதி நேரம் சிக்னலிலைதான் நிக்கிறன்," என்றார். அந்த விஷயம் அவரளவில் அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. பட்டத்தை இங்கே அங்கீகரிக்க விண்ணப்பம் போட்டேன். விண்ணப்பத்துக்கு அவர்கள் அன்ட்ராக் என்பார்கள். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் அன்ட்ராக் தேவையில்லை. சேர்ட்டிபிக்கட் மட்டும் காணாது, நான் படித்த ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மணித்தியாலம் என்ன சொல்லித் தந்தார்கள் என்ற விவரம் வேண்டும் என்றார்கள். ஊரில் நான் படித்த இடத்துக்கு எழுதினேன். அங்கே இருந்த அலுவலர் போன் எடுத்து, "ஏன் பிள்ளை, படிச்சதை நம்பமாட்டினமோ அவையள்?" என்று கவலையோடு கேட்டார். மூன்று மாதம் கழித்துத் தடித்த உறை வந்தது. கொலோனில் சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முப்பத்தொரு பாடத்தையும் ஜேர்மனாக்கித் தந்தார். 'பட்டறைப் பயிற்சி' என்ற பாடத்தைப் பார்த்துவிட்டு, "நானூறு மணித்தியாலமா? பட்டறையிலேயே படுத்தீர்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட, என்றேன்.

விண்ணப்பம் போட்டுப் பதினோராம் மாதம் பதில் வந்தது, மூன்று பக்கம். உங்கள் பட்டம் இந்த நாட்டுத் தொழில்நுட்ப வல்லுநர் சான்றிதழுக்கு மேலே நிற்கிறது, பொறியியலாளர் பட்டத்துக்குக் கீழே நிற்கிறது, கணிதம், வெப்பவியல், பாய்ம இயக்கவியல் போதாது, செய்முறை போதியதற்கும் மேலாக இருக்கிறது. பெரியம்மா 'மாதிரி' என்ற ஒரு சொல்லில் முடித்ததை மூன்று பக்கத்தில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள்.

பிறகு மொழிப் படிப்பு, முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம், மகள் ஆரணி பிறந்தது, கம்பனியில் உதவியாளாகச் சேர்ந்தது, பாதி நேரப் படிப்புக்கு மறுபடியும் ஒரு அன்ட்ராக். அதையெல்லாம் விவரித்தால் மச்சாள் கொட்டாவி விடுவாள். ஒன்றை மட்டும் சொல்லலாம். ஆரணியின் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றில் தாயின் தொழில் என்ற இடத்தில் அவள் 'மாணவி' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் அதைப் பற்றிச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நீங்கள் எப்ப முடிப்பீங்கள்? நான் முடிக்கிறதுக்கு முதலோ?" என்று கேட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. கேள்வி நியாயமானதுதான்.

3

என் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் குற்றம் செய்தது அதுதான்.

பட்டம் முடித்ததும் நான் வேலை பார்த்தது யாழ்ப்பாணக் கரையோரத்தில் இருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில். அங்கே உப்புத்தண்ணீர்ப் பம்ப் நான்கு இருந்தன, நான்கும் துருப்பிடித்தவை. பம்ப் நின்றால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லையென்றால் வள்ளத்தில் வந்த மீன் மதியத்துக்குள் மணக்கும். மணந்தால் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் வாசலில் வந்து நின்று என் பரம்பரையைப் பற்றிக் கதைப்பார்கள். ஆகவே ஒரு பம்ப் சத்தம் மாறினால், ஏன் மாறியது என்று யோசிக்க அங்கே நேரமில்லை. ஸ்பானரை எடு, இறுக்கு, பிறகு யோசி. பிறகு யோசிக்கவும் தேவை வராது, ஏனென்றால் அடுத்த பம்ப் சத்தம் போடத் தொடங்கியிருக்கும்.

அந்தக் கை இங்கேயும் என்னோடு வந்துவிட்டது. நாங்கள் இருக்கும் கட்டடத்தின் படிக்கட்டுக் கதவு ஒரு வருடமாகப் படார் படாரென்று அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். அடுத்த கிழமை கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம். அனுமதியின்றிக் கதவின் பொறியில் கைவைக்கப்பட்டிருக்கிறது, செய்தவர் முன்வரவும். கதவு நன்றாகப் பூட்டுகிறது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. கணவர் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, "இந்த நாட்டிலை பழுதுக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான் சுகி, கேட்டுப்போட்டுத் தொடும்," என்றார்.

அதை நான் பகிடி என்று நினைத்தேன்.

4

ஆய்வுகூடத்தில் இரண்டு இரண்டு பேராகத்தான் வேலை. மொத்தம் பன்னிரண்டு சோடி. எனக்குச் சோடியாக வந்தவள் லேனா, வயது இருபத்திரண்டு, மூக்கில் ஒரு வளையம். ஒரு சொல் பிழையாகப் பேசினால் திருத்தமாட்டாள், விளங்காவிட்டால் மட்டும் கேட்பாள். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

எங்களுக்குக் கிடைத்தது முதல் திங்கட்கிழமை. பன்னிரண்டு சோடியில் நாங்கள்தான் முதல். பேராசிரியர் அறையைத் திறந்துவிட்டு, மேசையில் பொருத்தியிருந்த பம்பைக் காட்டினார். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி.

"இந்தப் பம்ப் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது என்று அளவு எடுங்கள். கையேட்டில் உள்ள வளைகோட்டோடு ஒப்பிடுங்கள். வேறுபாட்டைக் கணித்துக் காரணம் எழுதுங்கள்," என்றார். பிறகு ஏதோ கூட்டம் என்று போய்விட்டார்.

லேனா பம்பைப் போட்டாள். போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே சரளைக்கல் உருளுகிற சத்தம். தண்ணீரை உறிஞ்சும் குழாயில் எங்கேயோ காற்று இழுக்கிறது. ஐஸ் தொழிற்சாலையில் இந்தச் சத்தத்துக்கு நான் நித்திரையிலும் எழும்புவேன்.

"ஒரு நிமிஷம் நிப்பாட்டு," என்றேன்.

லேனா நிறுத்தினாள். பையிலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்தேன். குழாய் பம்போடு சேரும் இடத்தில் நான்கு போல்ட், கீழ் இரண்டும் தளர்ந்திருந்தன. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மறுபடி போட்டோம். சத்தம் இல்லை. எனக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி, மீன் தப்பிவிட்டது என்பதுபோல.

அளவு எடுத்தோம். புள்ளிகள் கையேட்டு வளைகோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தன.

"இப்ப என்ன வேறுபாட்டை விளக்குறது?" என்று லேனா கேட்டாள்.

"வேறுபாடு இல்லை எண்டு எழுது. பம்ப் நல்லா இருக்கு."

பேராசிரியர் திரும்பி வந்தபோது பம்பை நிறுத்தி, தரையைத் துடைத்து, பையையும் பூட்டிவிட்டோம். போல்ட் இறுக்கியதை நான் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. எங்கள் கம்பனியில் இரண்டு போல்ட் இறுக்கியதை ஒருவர் வந்து சொன்னால் அவருக்குச் சுகமில்லையோ என்று கேட்பார்கள்.

அந்தத் தளர்ந்த போல்ட்தான் பாடமே என்பது எனக்கு எப்படித் தெரியும்? பேராசிரியர் வேண்டுமென்றே தளர்த்தி வைத்த போல்ட் அது. காற்று புகுந்தால் பம்பின் வலு எவ்வளவு குறைகிறது என்று மாணவர் கண்டுபிடித்துக் கணக்கிட வேண்டும். பழுதை அளக்கச் சொன்னால் பழுதைத் திருத்திவிட்டு வந்திருக்கிறேன். பரீட்சைத் தாளையே துடைத்து அலுமாரியில் வைத்துவிட்டு வந்தது மாதிரி.

5

மின்னஞ்சல் வந்த அன்று பின்னேரமே லேனா போன் எடுத்தாள். அறிக்கையில் அவளுடைய பெயரும் இருக்கிறதே. சிரித்துக்கொண்டுதான் பேசினாள்.

"எங்களுக்கு மட்டும்தான் இது வந்திருக்கு. மற்றப் பதினொரு சோடியும் பாஸ்."

"அதெப்படி? அவர்கள் எங்களுக்குப் பிறகுதானே அளந்தவர்கள்? அவர்களுக்கும் இதே அளவுதானே வந்திருக்கும்?"

வந்திருக்கிறது. லேனா விசாரித்த அளவில், வந்ததைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறார்கள். வருடா வருடம் மாணவர்கள் கைமாற்றிக் கொடுக்கும் பழைய அறிக்கை ஒன்று இருக்கிறது. அதில் காற்று புகுந்து பம்பின் வலு ஒன்பது வீதம் குறைந்தது என்று உள்ளது. பேராசிரியர் தந்த தாளிலும் வேறுபாட்டை விளக்கு என்று இருக்கிறது. ஆகவே பிழை தங்கள் கையில்தான் என்று நம்பி, ஒவ்வொரு சோடியும் தனித்தனியே தங்கள் அளவுகளை ஒன்பது வீதம் குறைத்து எழுதிவிட்டார்கள். பதினொரு சோடியும் நல்ல பம்பை நேரில் பார்த்துவிட்டுத் தாளை நம்பியிருக்கிறார்கள். வயிறு நோகச் சிரித்தேன். பிறகு கள்ளியாகப் பார்க்கப்படுவது நான் என்று நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

"பழைய அறிக்கை என்னட்டை இருக்கு," என்றாள் லேனா. "பிழையா அளந்துவிட்டோம் எண்டு சொல்லி, ஒன்பது வீதம் போட்டுத் திருப்பி எழுதுவோம். ரெண்டு மணித்தியால வேலை. எனக்கு அவசரமில்லை, நான் அடுத்த வருஷமும் இஞ்சைதான். உங்களுக்குத்தான் நேரமில்லை."

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். கணவர் புட்டைப் பிசைந்தபடி கேட்டார்.

"அவருக்கு வேண்டியது ஒரு பழுது. குடுத்துவிடுமன்."

"அது பழுதில்லையே."

"நீர் தொட முந்திப் பழுதுதானே?"

"திருத்திப்போட்டன் அல்லோ!"

"அதுதானே பிழை. பழுதெண்டு எழுதும், பட்டத்தை எடும், பிறகு வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிரும்."

"உள்ளதைச் சொன்னால் என்ன செய்வினம், அம்மா?" என்று ஆரணி கேட்டாள்.

"அனுமதியில்லாமல் இயந்திரத்திலை கை வைச்சது. ஆய்வுகூடத்தாலை வெளியாலை விடலாம் எண்டு விதி இருக்கு."

"பொய் சொன்னால்?"

"பாஸ்."

ஆரணி என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள் பொய் எழுதலாம். ஆனா கூப்பிட்டுக் கேட்டால் உங்கட முகம் காட்டிக் குடுத்திடும். போன கிறிஸ்மஸுக்கு என்ன பரிசு எண்டு அப்பா ரெண்டு நாள் முந்தியே கண்டுபிடிச்சவர்."

இரண்டு நாள் யோசித்தேன். நான் பெரிய சத்தியவதி என்று நினைக்கவேண்டாம். உண்மையில் எனக்கு வந்தது கோபம். பாதிப் பொறியியலாளர் என்றார்கள், சரி என்று பதினான்கு வருடம் தலையை ஆட்டினேன். கணிதம் போதாது என்றார்கள், போதாதுதான், திரும்பப் படித்தேன். ஆனால் எனக்கு ஒரு பம்பை அளக்கத் தெரியாது என்று நானே என் கையால் எழுதிக் கொடுப்பதா? சுகமாக இருந்த பம்பை நோயாளி என்று எழுதி, அதன் கீழே என் பெயரைப் போட்டு, அந்தக் கையெழுத்தோடு போய்ப் பொறியியலாளர் கதிரையில் இருப்பதா? என்னால் ஏலாது. லேனாவுக்குப் போன் எடுத்து, போல்ட்டைத் தொட்டது நான் மட்டும் என்று சொல்லப்போகிறேன் என்றேன். "சரி. ஆனா நான் பம்பை நிப்பாட்டினனான் எண்டும் சொல்லுங்கோ," என்றாள். (இந்த 'கோ' என் மொழிபெயர்ப்பு. அவள் குரலில் அது இருந்தது.)

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஆரணி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். பட்டறையில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவோம். பேராசிரியரையும் ஆறு இடத்தில் நீ என்று எழுதியிருந்தேன். ஆறையும் அவளே மாற்றினாள். "இதோட அனுப்பியிருந்தால் பம்புக்கு முதல் இதுக்கே வெளியாலை விட்டிருப்பினம்," என்றாள்.

6

வியாழக்கிழமை நாலு மணி பத்து நிமிடத்துக்குச் சந்திப்பு. பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார். நான் ஸ்பானரைக் கையில் கொண்டுபோனேன். வாசலில் வைத்தே கண்டுவிட்டு அவர் ஒரு அடி பின்னுக்குப் போனார்.

"என் அளவுகள் உண்மையானவை," என்றேன். "ஆனால் அளப்பதற்கு முன் பம்பைத் திருத்திவிட்டேன். உறிஞ்சு குழாயில் கீழ் இரண்டு போல்ட்டும் தளர்ந்திருந்தன. இறுக்கினேன். கேட்காமல் செய்தேன். லேனா தொடவில்லை. பம்பை நிறுத்தியது மட்டும் அவள்."

அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"சத்தம்."

"எவ்வளவு நேரத்தில்?"

"போட்டவுடன்."

"மற்றவர்கள் அந்தப் போல்ட்டைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை எடுப்பார்கள்," என்றார் மெதுவாக. அவருடைய முகத்தில் கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜேர்மன் முகத்தை வாசிக்க எந்த மொழிப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை.

ஆய்வுகூடத்துக்குப் போனோம். செய்து காட்டுங்கள் என்றார். போட்டேன், சத்தமில்லை. நிறுத்தி, கீழ்ப் போல்ட் இரண்டையும் கொஞ்சம் தளர்த்திப் போட்டேன், சரளைக்கல் உருண்டது. மறுபடி இறுக்கினேன், நின்றது. அவர் பம்பின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

பிறகு சட்டென்று திரும்பிக் கேட்டார். "நீங்கள் முதலாவது சோடி. அப்படியானால் மற்றப் பதினொரு சோடியும் எதை அளந்தார்கள்?"

நான் ஸ்பானரைப் பார்த்தேன். ஸ்பானரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். ஆரணி சொன்னது சரி, என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்திலிருந்து சிவக்கத் தொடங்கி நெற்றி வரை சிவந்தார். பிறகு சிரித்தார். பேராசிரியர் ஒருவர் அப்படிச் சிரித்து நான் இங்கே கண்டதில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் கதிரையில் இருந்தார். "விதிப்படி நான் உங்களை வெளியேற்ற வேண்டும்," என்றார்.

ஓய்வு பெறும் அந்த மனிதரின் கதிரையில் வேறு யாரோ போய் இருப்பது கண்முன்னால் தெரிந்தது.

"ஆனால் ஒரு சிக்கல். எட்டு வருடத்துக்கு முன் நான் ஒரு நாள் அந்தப் போல்ட்டைத் தளர்த்தினேன். தற்செயலாக ஒன்பது வீதம் வந்தது. நல்ல அளவாக இருக்கிறதே என்று அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. எப்படித் தளர்த்தினேன் என்று எனக்குத் தெரியாது. இப்போது பதினொரு சோடியும் திரும்ப அளக்க வேண்டும். பம்ப் பழையபடி ஒன்பது வீதத்தில் பழுதாக இருக்க வேண்டும். காதால் அல்ல. எவ்வளவு இடைவெளி, எவ்வளவு காற்று, எவ்வளவு இழப்பு என்று கணக்கு எழுதி, அதன்படி செய்ய வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் செய்தால் கையெழுத்து வைக்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலம்."

7

நல்ல பம்பைப் பழுதாக்குவது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கம்பனியில் மூன்று நாள் லீவு போட்டு, சாப்பாட்டு மேசையில் தாளைப் பரப்பினேன். பம்ப் கணக்கு என்று மட்டும்தான் வீட்டில் சொன்னேன். காற்று புகும் இடைவெளியை ஒரு வெட்டுப்பரப்பாக எடுத்து, உள்ளழுத்தம் வெளியழுத்தம் போட்டு, புகும் காற்றின் அளவைக் கண்டு, அதிலிருந்து வலு இழப்புக்கு வந்தேன். வந்த விடை போல்ட்டை எட்டிலொரு சுற்றுத் தளர்த்து என்றது. போய்த் தளர்த்தினேன். மூன்று வீதம்தான் குறைந்தது. வீட்டுக்கு வந்து திரும்பக் கணக்குப் பார்த்தேன். இடையில் இருந்த ரப்பர் வளையத்தை மறந்துவிட்டேன். போல்ட்டைத் தளர்த்தினால் அந்த ரப்பர் உப்பி, இடைவெளியின் பாதியை அடைத்துவிடும். எத்தனையோ ஆயிரம் ரப்பர் வளையம் மாற்றிய கை இது, ஆனால் அது எவ்வளவு உப்பும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவை வரவில்லை, நான் எப்போதும் இறுக்கிக்கொண்டுதானே இருந்தேன். காற்று இழுக்கிறது என்று என் காதுக்குத் தெரியும். எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மச்சாளே, நீ கேட்ட வித்தியாசம் இதுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. மகனுக்குச் சொல், இரண்டும் தெரிந்தவன் கெட்டுப்போகமாட்டான், கொஞ்சம் களைப்பான்.

இதற்கிடையில் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு 'குழாய்க்காரி' என்று பெயர் வந்துவிட்டது. பதினொரு சோடியும் சனிக்கிழமை வந்து திரும்ப அளக்கவேண்டும் என்றால் சும்மா விடுவார்களா? லேனா ஒரு வரி போட்டாள். "அவள் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்களைக் காட்டிக்கொடுத்தது பம்ப்." அதற்குப் பிறகு திட்டு குறைந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புதுக் கணக்கோடு போனேன். பேராசிரியர் பக்கத்தில் நின்றார். ரப்பரையும் சேர்த்துப் பார்த்தால் எட்டில் மூன்று சுற்று. ஸ்பானரை மாட்டினேன். கை திரும்பமாட்டேன் என்றது. பகிடியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு நல்ல பம்பை நான் வேண்டுமென்று கெடுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். பம்பைப் போட்டதும் சத்தம் வந்தது, என் முதுகெல்லாம் கூசியது. அளவு எடுத்தோம். ஒன்பது புள்ளி ஒன்று.

பேராசிரியர் என் தாளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். ஓர் இடத்தில் பென்சிலால் ஒரு அலகைத் திருத்தினார். பிறகு கையெழுத்து வைத்தார். பாஸ்.

நடைபாதைக்கு வந்து கதவைச் சாத்தினேன். கதவுக்குள்ளால் அந்தச் சரளைக்கல் சத்தம் கேட்டது. உள்ளே போய் ஒரே ஒரு தரம் ஸ்பானரைப் பிடித்தால் போதும். கதவின் கைப்பிடியில் கை வைத்தும்விட்டேன். பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ஆனால் பம்பை நினைத்தும் கொஞ்சம்.

கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் கடைசி ஓட்டம் முடித்து டிப்போவில் நின்றார்.

"என்ன முடிவு?"

"பாஸ். கையெழுத்து வைச்சிட்டார்."

"கடவுளே! அப்ப பம்ப் சரியா வேலை செய்யுது."

"இல்லை, பழுது."

"பழுதோ? நீர் நிண்டும் திருத்தேல்லையோ?"

"இல்லையப்பா. நான்தான் பழுதாக்கினனான். கணக்குப் பார்த்து, அளந்து, பழுதாக்கினனான்."

மறுபக்கத்தில் பஸ் கதவு ஒன்று மூடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

"படிக்கப் போக முந்தி நீர் நல்லாத்தானே சுகி இருந்தனீர்."